8 + 5 தெரிந்த பிள்ளைக்கு 13 − 5 புதுக் கணக்காவது ஏன்? தரம் 2 வகுப்பொன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள ஒரு சிறிய பாடசாலையின் தரம் 2 வகுப்பு இது. பிள்ளைகள் 20 பேருக்குச் சற்று மேல். வயது 6, 7. பெற்றோரில் அநேகர் வயல் வேலை, மாடு வளர்ப்பு, வாவி மீன்பிடி என்று சீவிப்பவர்கள். வகுப்பாசிரியை ஆரம்பப் பிரிவில் பல வருட அனுபவம் உள்ளவர். இந்த வகுப்பில் கூட்டல் சில வாரங்கள் நடந்தது. அது முடிந்த பிறகு கழித்தல் சில வாரங்கள் நடந்தது. இரண்டுக்கும் கொப்பியில் தனித்தனிப் பக்கங்கள் இருந்தன.

இரண்டாம் தவணையின் நடுவில் ஒரு சிறுமியின் கொப்பியில் ஆசிரியை கண்டது இதுதான். மேல் வரியில் 8 + 5 = 13, சரி. அடுத்த வரியில் 13 − 5. சிறுமி கோடு கோடாகப் போட்டு, ஐந்தை வெட்டி, மிச்சத்தை எண்ணி 7 என்று எழுதியிருந்தாள். கோடுகளை எண்ணிப் பார்த்தால் 12தான் இருந்தன. ஒரு கோடு தவறுவது இந்த வயதில் சாதாரணம். ஆனால் 8, 5, 13 மூன்றும் ஒரு விரல் அகலத்துக்கு மேலே எழுதப்பட்டிருக்க, அதைப் பார்த்து அவள் ஒரு கணமும் நிற்கவில்லை. ஆசிரியையை யோசிக்க வைத்தது அதுதான். அவளுக்கு அது முற்றிலும் வேறொரு கணக்கு.

முதலில் பார்த்தது

விடையை மட்டும் திருத்தினால் இந்தச் சிக்கல் வெளியே தெரியாது. ஆகவே ஆசிரியை ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து, மூன்று நான்கு நிமிடம் இருத்தி, நான்கு சிறு வேலைகளைக் கொடுத்தார். தேவைப்பட்டவை ஒரு கைப்பிடி புளியங்கொட்டை, ஒரு கைப்பிடி மஞ்சாடிக் கொட்டை, எழுதிய இரண்டு மட்டைகள் ஆகியவை மட்டும்.

முதலாவது வேலையில் 7 புளியங்கொட்டை கண் முன்னே இருக்கும். 4 மஞ்சாடியைச் சேர்த்து, அதே நாலையும் திரும்ப எடுத்து, இப்போது எத்தனை என்று கேட்பது. இரண்டாவதில், 4 மஞ்சாடியைச் சேர்த்த பிறகு எடுக்கும் நாலும் புளியங்கொட்டையாக இருக்கும். மூன்றாவதில் மட்டையில் 5 + □ = 9. நான்காவதில் 6 + 3 = 9 என்ற மட்டையை மேசையில் வைத்து, அதன் கீழே 9 − 3 என்று எழுதிக் கேட்பது.

ஒவ்வொன்றுக்கும் விடையோடு ஓர் எழுத்தும் குறிக்கப்பட்டது. முதலிலிருந்து எல்லாவற்றையும் எண்ணினால் 'எ', ஓர் எண்ணிலிருந்து தொடர்ந்து எண்ணினால் 'தொ', எண்ணாமலே சொன்னால் 'தெ'. பிள்ளையின் விரலும் கண்ணும் எங்கே போகின்றன என்று பார்த்தாலே இது விளங்கிவிடும். விடைத்தாளைவிட இந்த எழுத்துகள்தான் பிறகு கூடுதலாகப் பயன்பட்டன.

முதலாவது வேலை அநேகமாக எல்லோருக்கும் சரிவந்தது. சேர்த்த அதே சிவப்புக் கொட்டைகள் போய்விட்டன, பழைய குவியல் அப்படியே இருக்கிறது. அதற்குக் கணக்குத் தேவையில்லை, பார்த்தாலே போதும். இரண்டாவதில்தான் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. பாதிக்கு மேற்பட்டோர் குவியலை முதலிலிருந்து எண்ணினார்கள்.

"இப்ப எத்தின இருக்கு, மகள்?"

"பொறுங்க டீச்சர், எண்ணிப் பாக்கணும். இது வேற கொட்டையெல்லோ."

எடுத்த கொட்டைகள் வேறானாலும் எண்ணிக்கை ஒன்றே என்பது இந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் பிடிபடவில்லை. அவர்களிடம் இருந்தது பொருளைத் திரும்ப எடுப்பது பற்றிய அறிவு. எண்ணைத் திரும்ப எடுப்பது வேறு. 13 − 5 என்று எழுதும்போது எந்த ஐந்து என்ற கேள்வியே கிடையாது. இந்த இரண்டாவது படியைத் தாண்டாத பிள்ளைக்கு, கூட்டலும் கழித்தலும் ஒன்றை ஒன்று திருப்பும் எதிர்ச் செய்கைகள் என்று எத்தனை முறை சொன்னாலும் அது வெறும் வசனம்.

மூன்றாவது வேலையில் பலர் 14 எழுதினார்கள். மட்டையில் + இருக்கிறது, கண்ணுக்குத் தெரியும் எண்கள் 5உம் 9உம், அவற்றைக் கூட்டிவிட்டார்கள். நான்காவதில் மேல் மட்டையைப் பார்த்துச் சொன்னவர்கள் மிகச் சிலர்.

காரணம் என்று கருதியவை

ஆசிரியை இதைத் தன் ஆசிரிய ஆலோசகருடன் கலந்து பேசினார். உளவியலாளர் பியாஜே சொன்ன மீள்தன்மை, அதாவது செய்ததை மனதில் திருப்பிப் பார்க்கும் திறன், இந்த வயதில் இன்னும் முற்றாக வந்திருக்காது, கொஞ்சம் பொறுக்கலாம் என்ற ஒரு கருத்தும் வந்தது. அது ஏற்கப்படவில்லை. கொட்டைகளை வைத்துச் செய்யும்போது இதே பிள்ளைகள் சேர்த்ததைத் திருப்பி எடுத்துக் காட்டினார்கள். காத்திருப்பதால் அந்த அறிவு தானாக எழுத்துக் கணக்குக்குத் தாவிவிடாது.

மூன்று காரணங்கள் தெளிவாக இருந்தன. கூட்டலும் கழித்தலும் வாரக் கணக்கில் பிரிந்து நின்றதால், ஒரே அளவுப் பொருளில் இரண்டையும் அடுத்தடுத்துச் செய்து பார்க்கும் சந்தர்ப்பம் பிள்ளைகளுக்கு வரவில்லை. அடுத்தது, = குறியை அவர்கள் 'விடையை இங்கே எழுது' என்ற கட்டளையாக எடுத்திருந்தார்கள். □ = 8 + 5 என்று எழுதியபோது சிலர் "டீச்சர், மாறி எழுதியிருக்கீங்க" என்றார்கள். மூன்றாவது காரணம் சுவரில் ஒட்டியிருந்த தாள். அதில் 'ஏறினர், வாங்கினர், கிடைத்தன: கூட்டல்', 'இறங்கினர், கொடுத்தனர், உடைந்தன: கழித்தல்' என்று இருந்தது. அதன் தீமை பிறகு இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

எடுத்த முடிவுகள்

அதிபர் முன்வைத்தது நாளுக்கு ஒரு பக்கம் மேலதிகக் கழித்தல் பயிற்சி. அது வேண்டாம் என்று முடிவானது. கோடு போட்டு எண்ணும் பிள்ளைக்கு 40 கணக்குக் கொடுத்தால், கோடு போட்டு எண்ணுவதைத்தான் 40 தரம் பழகும். 'பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழி' என்ற வாய்ப்பாடும் கைவிடப்பட்டது. இன்று அது 3 − 8 என்று மாற்றி எழுதுவதைத் தடுக்கலாம். நாளைக்கு 42 − 17 வரும்போது அதே பிள்ளை ஒன்றின் இடத்தில் 7இலிருந்து 2ஐக் கழித்து 35 என்று எழுதும்.

பதிலாக, ஆறு வாரத்துக்கு ஒவ்வொரு கணித பாடவேளையின் முதல் 10 நிமிடமும் செய்வதற்கும் செய்ததைத் திருப்புவதற்கும் ஒதுக்கப்பட்டது. எண்களைத் தெரிந்தெடுப்பதில் கவனம் வேண்டியிருந்தது. 10 − 5 போன்ற இரட்டைகள் ஆரம்பத்தில் இல்லை, ஏனென்றால் விடை 5 என்றால் எந்த ஐந்தைப் பிள்ளை சொல்கிறது என்று தெரியாது. 0, 1 சேர்ந்தவையும் இல்லை. 7, 2, 9 போன்று பகுதிகள் தெளிவாக வேறுபடும் மூன்று எண்களில் தொடங்கி, 10க்குள் உறுதியான பிறகே 8, 5, 13 போன்றவற்றுக்குப் போவது என்று தீர்மானிக்கப்பட்டது.

இன்னொன்றும் தீர்மானிக்கப்பட்டது: கழித்துவிட்டுத் திரும்பக் கூட்டுவதும் சம அளவில் வரவேண்டும். பயிற்சித் தாள்கள் பெரும்பாலும் கூட்டலில் தொடங்கிக் கழித்தலில் முடிகின்றன. 9இல் 4 எடுத்து, 4 திருப்பி வைத்து, மீண்டும் 9 ஆவதைப் பார்க்காத பிள்ளை, கழித்தலை மாத்திரம் திருப்பும் கருவியாக நினைத்துக்கொள்ளும்.

கொட்டைகள் பற்றி ஓர் எச்சரிக்கை. சிவப்பாக இருக்கிறதென்று மஞ்சாடிக்குப் பதிலாகக் குன்றிமணியைக் கொண்டுவரும் பிள்ளைகள் இருப்பார்கள். குன்றிமணி நஞ்சு. அதில் ஒரு பக்கம் கறுப்புப் பொட்டு இருக்கும், மஞ்சாடி முழுக்கச் சிவப்பு. பொட்டு உள்ள ஒன்றையும் வகுப்பில் வைத்திருக்கக் கூடாது. மூக்கிலும் காதிலும் போடும் பழக்கம் உள்ள பிள்ளைகளுக்குச் சோடாப் போத்தல் மூடிதான் நல்லது.

முதல் இரண்டு வாரம்: கொட்டையும் கப்பும்

சோடி சோடியாக இருத்தி, ஒருவர் செய்வார், மற்றவர் திருப்புவார். முதலில் திறந்த குவியல், பிறகு உள்ளே தெரியாத ஒரு யோகட் கப்புக்குக் கீழே. மூடியபோது திரும்ப எண்ண வழியில்லை. 7 உள்ளே போயிருக்கிறது, 4 போகிறது, 4 வெளியே வருகிறது. பிள்ளை சொல்லும், பிறகு கப்பை அதுவே தூக்கிப் பார்க்கும். சரி பிழையைச் சொல்ல ஆசிரியை தேவைப்படவில்லை என்பது இந்த வேலையின் பெரிய நன்மை.

நிறம் மாறிய கொட்டைகளோடு இதைச் செய்ததில்தான் அதிக நேரம் போனது. போகவும் வேண்டும். புளியங்கொட்டை 7, மஞ்சாடி 4, வெளியே வந்தவை புளியங்கொட்டை 4. கப்புக்குள் இப்போது புளியங்கொட்டை 3, மஞ்சாடி 4. கப்பைத் தூக்கிய பிள்ளைகள் மூன்றையும் நான்கையும் பார்த்துவிட்டு மீண்டும் எண்ணினார்கள். சில நாட்களின் பின்னர் கொப்பியில் கோடு போட்ட அதே சிறுமி கப்பைத் தூக்காமலே சொன்னாள்: "நாலு போச்சு, நாலு வந்திச்சு. எது போனாலும் ஏழுதான்." அன்றிலிருந்து அவளுக்கு வேறு அளவு கொடுக்கப்பட்டது. 4 போட்டு 3 எடுத்தால்? இது அவசியமான மறுசோதனை. எப்போதும் ஒரே அளவு போய் வந்தால், 'கடைசியில் முதல் எண்ணையே சொல்' என்ற தந்திரத்தைப் பிள்ளைகள் வெகு விரைவில் பிடித்துக்கொள்வார்கள்.

மூன்றாம் வாரம்: நிலத்தில் எண்கோடு

விறாந்தையில் வெண்கட்டியால் 0 முதல் 20 வரை கட்டங்கள் கீறப்பட்டன. 8இல் நின்று 5 முன்னே போ, பிறகு 5 பின்னே வா. எல்லோரும் 8க்கே திரும்பி வந்தார்கள். பார்த்தவருக்கு எல்லாம் சரி என்றே தோன்றும்.

ஆனால் நடுவில் எங்கே நின்றார்கள் என்று கேட்டபோது பலர் 12 என்றார்கள். நிற்கும் கட்டத்தையே "ஒண்டு" என்று எண்ணத் தொடங்கியதால் 8, 9, 10, 11, 12 என்று ஐந்து கட்டம் எண்ணிவிட்டார்கள். திரும்பும்போதும் 12ஐயே "ஒண்டு" என்றதால் 8இல் வந்து முடிந்தது. போகும்போது விட்ட பிழையை வரும்போது விட்ட அதே பிழை அழித்துவிட்டது. எதிர்ச் செய்கை விடையைச் சரிபார்க்க உதவும் என்பது உண்மை. ஆனால் இரண்டு செய்கையிலும் ஒரே பிழையான முறை பாவிக்கப்பட்டால் அந்தச் சரிபார்ப்பு எதையும் காட்டாது. ஆகவே திரும்பி வந்த இடத்தை மட்டும் பார்க்காமல், போய்ச் சேர்ந்த இடத்தையும் கேட்பது வழக்கமாக்கப்பட்டது.

திருத்தம் எளிது. கட்டங்கள் அழிக்கப்பட்டு, ஒரு நீளக் கோடும் குறுக்குக் குறிகளும் போடப்பட்டன. எண் குறிக்கு நேரே எழுதப்பட்டது. பிள்ளை குறியின் மேல் இரு காலும் வைத்து நிற்கும். எண்ணுவது பாய்ச்சலை, இடத்தை அல்ல. கால் நிலத்தில் விழும்போது மற்றப் பிள்ளைகள் கை தட்டி "ஒண்டு" என்பார்கள். கொப்பியிலும் இதேபோல் குறிக்குக் குறி வளைவு போடப்பட்டது. இதன் பிறகு 12 என்று சொன்னவர்கள் ஒருவர் இருவர்தான்.

நான்காம், ஐந்தாம் வாரம்: படகுப் பாதை

குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே வாவியைக் கடக்கும் படகுப் பாதை, அதாவது ஆக்களை ஏற்றி இறக்கும் மிதவை, இந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது. ஒரு காட்போட் மட்டை பாதையானது, போத்தல் மூடிகள் ஆக்களானார்கள்.

ஏறுவதும் இறங்குவதும் சுலபமாகப் போனது. தொடக்கத்தை மறைத்தபோதுதான் சிக்கல் வந்தது. "பாதையில கொஞ்ச ஆக்கள் நிண்டாங்க. பிறகு 6 பேர் ஏறினாங்க. இப்ப 14 பேர். முதல்ல எத்தின பேர் நிண்டாங்க?" அநேகர் 20 என்றார்கள். "பாதையில நிண்டதில 5 பேர் இறங்கிட்டாங்க, இப்ப 7 பேர்" என்ற கணக்குக்கு 2 என்றார்கள். முதல் கணக்கில் 'ஏறினாங்க' என்ற சொல் கூட்ட வைத்தது, இரண்டாவதில் 'இறங்கிட்டாங்க' கழிக்க வைத்தது. சுவரில் இருந்த தாள் சொன்னதை அவர்கள் ஒழுங்காகவே செய்திருந்தார்கள். அந்தத் தாள் அன்றே கழற்றப்பட்டது. சொல்லைப் பார்த்துச் செய்கையைத் தெரிந்தெடுக்கும் பழக்கம், எதிர்ச் செய்கை தேவைப்படும் இடத்தில் சரியாகத் தலைகீழாக வழிகாட்டும்.

மாற்று வழி, நடந்ததைப் பின்னாலிருந்து நடத்துவது. மட்டையில் 14 மூடியை வை. கடைசியாக என்ன நடந்தது? 6 பேர் ஏறினார்கள். அந்த ஆறு பேரையும் கரைக்குத் திருப்பி அனுப்பு. மிச்சம் 8. இப்போது கதையை முன்னிருந்து சொல்லிப் பார்: 8 பேர், 6 பேர் ஏறினார்கள், 14. இந்தக் கடைசிப் படியை விட்டுவிடக் கூடாது. விடையைக் கதைக்குள் திரும்ப வைத்துப் பார்க்கும் பழக்கம் இங்கேதான் பிறக்கிறது.

மீன்பிடிக் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் மூடிகளோடு இதை மளமளவென்று செய்தான். தாளில் □ + 6 = 14 என்று அதே கணக்கைக் கொடுத்தபோது 20 எழுதினான். கதைக்கும் குறியீட்டுக்கும் நடுவே ஒரு பாலம் வேண்டியிருந்தது. அதற்கு அம்புக்குறி பயன்பட்டது. இடப்பக்கம் வெறும் பெட்டி, வலப்பக்கம் 14 உள்ள பெட்டி, மேலே இடமிருந்து வலமாக ஓர் அம்பு, அதில் + 6. கீழே வலமிருந்து இடமாக ஓர் அம்பு, அதில் என்ன எழுதுவது என்பதைப் பிள்ளைதான் தீர்மானிக்க வேண்டும். − 6 என்று எழுதியதும் அவன் தானாகவே 8ஐப் பெட்டிக்குள் போட்டான். ஒரு வாரம் அம்புப் படத்தின் கீழே எண் வாக்கியத்தையும் எழுதச் செய்த பிறகே அம்பு விலக்கப்பட்டது.

ஆறாம் வாரம்: எண் குடும்பத் தாள்

மூன்று எண்களைக் கொடுத்து இரண்டு கூட்டலும் இரண்டு கழித்தலும் எழுதும் தாள் பல பாடசாலைகளில் புழக்கத்தில் உள்ளது. 8, 5, 13 என்றால் 8 + 5, 5 + 8, 13 − 5, 13 − 8. இந்த வகுப்பும் ஒரே நாளில் தாள் முழுவதையும் பிழையின்றி நிரப்பியது. ஆசிரியைக்கு அது சந்தேகத்தைத் தந்தது. மறுநாள் ஒரு வரியில் வேண்டுமென்றே 5, 6, 12 என்று கொடுத்தார். வகுப்பில் பெரும் பகுதியினர் கேள்வியே இல்லாமல் 5 + 6 = 12, 12 − 6 = 5 என்று நிரப்பிவிட்டார்கள். கணக்குச் செய்யாமல், இன்ன எண்ணை இன்ன கட்டத்தில் போடு என்ற ஒழுங்கையே பழகியிருந்தார்கள்.

இந்தத் தாளில் இரண்டு வேறு கருத்துகள் ஒன்றாகக் கலந்திருப்பதும் ஒரு காரணம். 8 + 5ஐத் திருப்புவது 13 − 5. 13 − 8 அந்தச் செய்கையின் எதிர்ச் செய்கை அல்ல. முழுமையில் ஒரு பகுதியை எடுத்தால் மற்றப் பகுதி மிஞ்சும் என்ற வேறோர் அறிவிலிருந்து அது வருகிறது. கூட்டலில் இடம் மாறலாம் என்பதும் அதற்குத் தேவை. ஆகவே தாள் நிறுத்தப்பட்டு, 13 மூடியை இரண்டு யோகட் கப்புகளின் கீழே பிரித்து மறைக்கும் வேலை வந்தது. ஒரு கப்பைத் தூக்கினால் 8 தெரியும். மற்றதில் எத்தனை? அடுத்த தரம் மற்றக் கப்பைத் தூக்கு. ஒரே பிரிப்பிலிருந்து 13 − 8உம் 13 − 5உம் கையாலேயே வந்தன. எண் குடும்பத் தாள் திரும்ப வந்தபோது, சேராத ஒரு மூவெண் எப்போதும் அதில் இருந்தது. அதைக் கண்டுபிடித்து வட்டமிடுவதே முதல் வேலை.

வீட்டில்

கொப்பியில் பக்கம் நிரம்பவில்லை என்று சில தாய்மார் கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான். பாடசாலை முடியும் நேரத்தில் அவர்களை நிறுத்திக் கப்பு விளையாட்டைக் காட்டியபோது எதிர்ப்பு குறைந்தது. வீட்டுக்குக் கேட்டது நாளுக்கு ஐந்து நிமிடம் மட்டும்: சிரட்டை ஒன்று, கொட்டை 12, ஒருவர் மறைப்பார், மற்றவர் சொல்வார். விரல் விட்டு எண்ணினால் தடுக்க வேண்டாம் என்றும் சொல்லப்பட்டது. தடுத்தால் பிள்ளை விரலை மேசைக்குக் கீழே கொண்டுபோகும். எப்படி எண்ணுகிறது என்று பிறகு ஒருவருக்கும் தெரியாது.

விளைவு

தவணை முடிவில் அதே நான்கு வேலைகளும் எண்களை மாற்றிக் கொடுக்கப்பட்டன. நிறம் மாறிய கொட்டைகளை அநேகமாக எல்லோரும் எண்ணாமலே சொன்னார்கள். மேலே உள்ள கூட்டலைப் பார்த்துக் கீழே உள்ள கழித்தலைச் சொன்னவர்கள் வகுப்பில் பெரும்பான்மையாகியிருந்தார்கள். 'எ' இருந்த இடங்களில் அதிகமாக 'தொ'வும், 10க்குள் 'தெ'வும் வந்தன. வெறும் பெட்டிக் கணக்கில் முன்னேற்றம் இருந்தது, ஆனால் குறைவு. □ முதலில் வரும்போது இன்னும் பலர் தடுமாறினார்கள்.

மூன்று பிள்ளைகளிடம் பெரிய மாற்றம் இல்லை. அவர்களில் இருவர் அறுவடைக் காலத்தில் நீண்ட நாட்கள் வரவில்லை. மூன்றாவது பிள்ளை ஒழுங்காக வந்தும், 10க்குள்ளேயே தொடர்ந்து எண்ண முடியாமல் ஒவ்வொரு முறையும் 1இலிருந்து தொடங்கியது. அந்தப் பிள்ளைக்கு எதிர்ச் செய்கை அடுத்த படி. முதல் படி இன்னும் உறுதியாகவில்லை.

கோடு போட்ட சிறுமியின் கொப்பியில் தவணை முடிவில் 15 − 6 = 8 என்று ஒரு பிழை இருந்தது. அவளே அதன் பக்கத்தில் 8 + 6 = 14 என்று எழுதிப் பார்த்து, அழிறப்பரால் 8ஐ அழித்து 9 போட்டிருந்தாள்.

அடுத்த முறை மாற்றவிருப்பவை

கூட்டல் வாரமும் கழித்தல் வாரமும் இனிப் பிரியாது. 5க்குள் கூட்டல் வந்த நாளிலேயே அதைத் திருப்புவதும் வரும். சொல் பார்த்துச் செய்கையைத் தெரிந்தெடுக்கச் சொல்லும் தாள் வகுப்பில் ஒட்டப்படாது. எண்கோடு ஆரம்பத்திலேயே குறிகளோடு வரையப்படும், கட்டங்களோடு அல்ல.

வெறும் பெட்டிக் கணக்குக்கு இரண்டு வாரம் போதவில்லை. □ = 8 + 5, 13 = □ + 5 போன்ற வடிவங்கள் எண் வாக்கியம் எழுதத் தொடங்கும் முதல் கிழமையிலிருந்தே இடையிடையே வரவேண்டும் என்று ஆசிரியை தன் பாடத் திட்டத்தில் குறித்திருக்கிறார்.

'எ', 'தொ', 'தெ' குறித்த பதிவுத் தாள், புள்ளிகளோடு சேர்த்துத் தரம் 3 ஆசிரியரிடம் கொடுக்கப்படும். அறுவடைக்காக விடுபட்ட இரு பிள்ளைகளுக்கும் நிறம் மாறிய கொட்டை வேலையிலிருந்தும், மூன்றாவது பிள்ளைக்கு 5 மூடியை இரு கப்பில் பிரிப்பதிலிருந்தும் தொடங்கும்படி அதில் எழுதப்பட்டுள்ளது.